மழைக்கு முன்னாடி

டெல்லி ஆபீஸில் தமிழ் மனுக்களை இங்கிலீஷாக்குவதுதான் என் வேலை. ஊர்க்காரர்கள் அழுது எழுதியதை நாம் அழாமல் எழுத வேண்டும். மேலதிகாரிக்காகப் பத்துப் பக்கத்தை நாலு வரியாக்கித் தந்த சக பாவிகளே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

நாலு வரி

ஆடி மாதம் ஒரு மனு வந்தது. எழுதியவள் பொன்னி. சென்னைக்கு வடக்கே உப்பங்கழி ஏரியில், ஓலைக்கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறவள். கடல்தண்ணீர் ஏரிக்குள் வருகிற முகத்துவாரம் மணலால் அடைபட்டு, கழிவெல்லாம் உள்ளேயே தேங்கி, மீன் செத்து மிதக்கிறதாம். ‘மழைக்கு முன்னாடி மணலை வெட்டினாத்தான் இறால் குஞ்சு உள்ளே வரும். இல்லேன்னா பிள்ளைங்களுக்குக் கஞ்சி கிடையாது ஐயா’ என்று முடித்திருந்தாள்.

செக்‌ஷன் ஆபீசர் சர்மாவுக்குக் கஞ்சி பிடிக்கவில்லை. கோரிக்கை மட்டும் போதும் என்றார். அந்தக் கடைசிப் பகுதியை அப்படியே எடுத்துவிட்டேன். படித்துவிட்டு முதுகில் தட்டினார்: “அச்சா, இப்பத்தான் இது ஃபைல்!”

ஒரு பாட்டில் தண்ணீர்

பதில் வராததால் பொன்னியே ரயிலேறி வந்துவிட்டாள். அவள் அக்கா இங்கே வீட்டுவேலை செய்கிறாள். பொன்னியின் கையில் பாட்டில் நிறைய ஏரித்தண்ணீர், பச்சையாக, நாற்றத்தோடு. எங்கள் கேட்டில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டில் கொண்டுவந்தால், உள்ளே இருப்பது ஆசிட்டோ பெட்ரோலோ இல்லை என்று காவலர் முன்னால் ஒரு வாய் குடித்துக் காட்ட வேண்டும். தமிழ் தெரிந்தவன் என்று கூப்பிட்டு நான் இறங்கிப் போனபோது, காவலர் சைகை காட்ட, இவள் கண்கலங்கி நின்றாள். “மீனே இதுல செத்துப்போச்சு, என்னைக் குடிங்கிறாரே அண்ணே!”

மீன்கடையில்

மணல் வெட்டலாம் என்று உத்தரவு வந்தது, தை மாதத்தில். மழை எப்போதோ முடிந்திருந்தது. ஏரியில் இறால் இல்லாமல், பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு, பொன்னி இங்கே டெல்லியிலேயே அக்காவோடு தங்கி, ஐ.என்.ஏ. மார்க்கெட் மீன்கடையில் ஏதோ ஒரு பண்ணை இறாலை உரித்துக்கொண்டிருந்தாள்.

உத்தரவின் நகலைப் பெருமையாக நீட்டினேன். குளிரில் விறைத்த கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். தேதியை விரலால் தொட்டுப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: கஞ்சியோடு சேர்த்து மழையையும் நான் வெட்டியிருக்கிறேன். அவசரம் என்று ஃபைலில் ஒரு சொல்கூட இல்லை. வெட்கமும் அழுகையுமாக நின்றேன். அவள் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்: “மழைக்கு முன்னாடின்னு எழுதியிருந்தேனே அண்ணே, நீங்க படிக்கலையா?”

இத்தனை வருட சர்வீஸில் என் மொழிபெயர்ப்பில் பிழை என்று எந்த அதிகாரியும் இன்றுவரை குறித்ததில்லை.