சேற்று ஜெர்சியோடு வந்த கேப்டன்

மெயின்லாண்டிலிருந்து நான் வந்த கப்பல் போர்ட் பிளேரைத் தொட்டபோது என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் இல்லை. தூத்துக்குடியில் கல்யாணம் முடிந்த கையோடு அவர் தீவுக்குத் திரும்பியிருந்தார். சில மாதம் கழித்து நான் தனியாக வந்தேன். டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து அழாத குறை. ஜனமெல்லாம் கலைந்தபிறகு, சேறு அப்பிய ஜெர்சியும் அரைக்கால் சட்டையுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் ஓடிவந்தார்கள். முன்னால் வந்தவர் அவர்தான்.

“கப்பல் நாளைக்குன்னுல்லா சொன்னாங்க! பாதி மேட்ச்ல ஆள் வந்து சொல்லிச்சு.”

“உடனே வந்துட்டீங்களாக்கும்?”

“மேட்ச் முடிஞ்சதும் வந்துட்டேன்” என்றார். பொய் சொல்ல வராது அவருக்கு.

பக்கத்தில் நின்ற பெங்காலிக்காரர் “ஜீத் கயே, பாபி!” என்று சிரித்தார். ஜெயித்துவிட்டோம், அண்ணி என்கிறார் என்பது அந்தச் சிரிப்பிலேயே புரிந்தது. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் படகுப் பட்டறையில் தச்சர். ஞாயிறு பூசை முடிந்தால் ஃபுட்பால். எங்கள் புரோத்ராபூர் பக்கத்து ஆட்கள் சேர்ந்த டீம் அது. பெங்காலி, தெலுங்கு, மலையாளம் எல்லாம் உண்டு. இவர் தடுப்பாட்டக்காரர், கேப்டன். தமிழில் திட்டி இந்தியில் சமாதானம் பேசுவார்.

எங்கள் வீட்டுத் தகரக் கூரை மழைக்கு ஒழுகும். ஒரு சர்க்கார் இலாகா டீம் இவரைக் கூப்பிட்டது. வந்தால் நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ். நான்தான் போகச் சொன்னேன். மறுநாள் கூரை ஓட்டைகளைத் தார் வைத்து அடைத்துவிட்டு, “சரி” என்றார். சனிக்கிழமை தன் டீமிடம் போய், விலகிக்கொள்வதாகச் சொல்லிவிட்டும் வந்தார்.

திங்கட்கிழமை காற்று கூரையின் பாதியைப் பிய்த்துக்கொண்டு போனது. இவர் பட்டறையில் இருந்தார். விஷயம் கேள்விப்பட்டு டீம்காரர்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் தகரத்தைத் தோட்டத்திலிருந்து இழுத்துவர, பெங்காலிக்காரர் மேலே ஏறி ஆணி அடித்தார். எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன்:

“அவருதான் டீமை விட்டுப் போறாரே, நீங்க எதுக்கு வந்தீங்க?”

ஆணியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: “டீமை விட்டுத்தானே போறார், பாபி. எங்களை விட்டு இல்லையே.”

அன்று சாயங்காலம் இவருக்குச் சோறு போட்டபடியே, “அந்த டீமுக்குப் போகவேண்டாம்” என்றேன்.

“குவார்ட்டர்ஸ்?”

“இந்த வீட்டுலயே இருப்போம்.”

இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார். அவர் அவ்வளவு சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அதே ஜெர்சியில்தான் முழங்கால் ஓய்ந்துபோகும்வரை ஆடினார். கேப்டன் பொறுப்பைப் பெங்காலிக்காரரிடம் கொடுத்தார். கடைசி மேட்ச்சில், ஜெயிப்பது உறுதியான பிறகு பெனால்டி ஒன்று கிடைத்தது. அதுவரை ஒரு கோல்கூட அடிக்காத இவரை எல்லாரும் முன்னால் தள்ளினார்கள். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து தென்னந்தோப்புக்குள் விழுந்தது. எதிர் டீம் கோல்கீப்பர்கூட விழுந்து விழுந்து சிரித்தார். இவரும்தான்.

அதற்கப்புறமும் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது இவர்தான். சனிக்கிழமைகளில் புதுக் கேப்டன் எங்கள் வீட்டுக்கு டீ குடிக்க வருவார். நாளைக்கு யாரை எங்கே நிறுத்துவது என்று இரண்டு பேரும் வாதாடுவார்கள். டீமில் இருக்கிற மலையாளத்துக்காரரை வலது பக்கம் போடுங்கள் என்று நானும் சொல்வேன். பல தடவை போட்டிருக்கிறார்கள்.