புரோகிராமுக்குள் வராத பீங்கான்

அடுத்தவர் செய்யும் வேலை அவரைவிட நமக்கு நன்றாகத் தெரியும் என்று நம்பிவிட்டு, பிறகு தினமும் திடுக்கிடுகிற தொழில்தான் மென்பொருள் எழுதுவது. கொழும்பில் முப்பத்தொரு வருடம் அப்படித் திடுக்கிட்டுவிட்டு, போன வருடம் ஓய்வுபெற்று மருதமுனைக்கு வந்தேன். வந்த வீடு மனைவி றஹீமாவின் வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேர்வான். நான் அந்தப் பெட்டியோடு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து போய்க்கொண்டிருந்தவன். ஓய்வுபெற்று வீட்டில் குந்தியிருக்கும் சகோதரர்களே, இனி நான் சொல்லப்போவது உங்களுக்கும் நடந்திருக்கும். வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள், அவ்வளவுதான்.

விற்காத சோறு

முதலில் பழைய கதை ஒன்று. கல்முனையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு, அடுத்த நாள் எவ்வளவு புரியாணி ஆக்க வேண்டும் என்று சொல்லும் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். ஆக்கியது எவ்வளவு, விற்றது எவ்வளவு என்று தினமும் பதிய வேண்டும். தினமும் பத்துப் பதினைந்து பேரின் சாப்பாடு கணக்கில் இடித்தது. சட்டியிலும் மிச்சமில்லை, விற்றதிலும் வரவில்லை. சமையற்காரர் மீது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஒரு நாள் கடையிலேயே இருந்து பார்த்தேன். இரண்டரை மணிக்கு முன்கதவைப் பாதி சாத்தினார்கள். வேலையாட்கள், தண்ணீர் பவுசர் ஓட்டுகிறவர், வழியில் போன இரண்டு பேர் என்று எல்லோரும் பெரிய சஹன் தட்டுகளைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கைவைத்தார்கள். கடை திறந்த நாளிலிருந்து இது நடக்கிறதாம். இதை ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தம்பி, நீங்க கேட்டது விக்கிற சோத்த. விக்காத சோத்தப் பத்தி நீங்க கேக்கவே இல்லியே."

டின் வரிசை

ஓய்வுபெற்ற முதல் வாரம் பால் இல்லாத பிளேன்டி ஊற்ற அடுப்படிக்குப் போனேன். 'சீனி' என்று அச்சடித்த டின்னைத் திறந்து இரண்டு கரண்டி போட்டுக் குடித்தேன். உப்பு. சீனி பால்மா டின்னில் இருந்தது, பால்மா பிஸ்கட் டின்னில், பிஸ்கட் எங்கே என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இப்படி ஒரு அமைப்பு முப்பது வருடம் ஓடியிருக்கிறது என்பதை என்னால் தாங்க முடியவில்லை. றஹீமா சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றிக் கொட்டி, பெயர் எழுதி ஒட்டி, அகர வரிசையில் அடுக்கிவைத்தேன்.

அன்று பகல் மீன் ஆணத்தில் மிளகாய்த்தூளுக்குப் பதில் கறுவாப்பட்டைத் தூள் விழுந்தது. றஹீமா டின்களைப் பழைய இடத்துக்கு நகர்த்தத் தொடங்கினாள். காரணம் சொன்னது அவளுடைய தங்கை நஸீறா. அடுத்த வளவில் இருப்பவள். வேலியில் இருக்கும் சின்னப் படலையால் நாளுக்கு நாலுதரம் வருவாள்.

"மச்சான், நீங்க பேர எழுதி ஒட்டினா ராத்தாட கை அத வாசிக்குமா?"

புதிதாக என்ன

றஹீமாவுக்குச் சீனி வருத்தம். இரண்டு வருடமாக மாத்திரையும் கட்டுப்பாடுமாக நன்றாகத்தான் வைத்திருந்தாள். நான் வந்து மூன்றாம் மாதம் இரத்தம் பரிசோதித்தால், சீனி தாறுமாறாக ஏறிப்போய் இருந்தது. வலது கால் பெருவிரலில் செருப்புக் கடித்து ஒரு சின்னப் புண். அதுவும் ஆறுகிற பாடில்லை. டொக்டர் அதை அமுக்கிப் பார்த்தார். இப்படியே சீனி நின்றால் விரலை எடுக்க வேண்டிவரலாம் என்று, மழை வரலாம் என்பதுபோலச் சொன்னார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். பழையபடிதான் என்றாள். அப்படியானால் வீட்டில் புதிதாக ஏதாவது உண்டா என்று கேட்டார். அவள் யோசித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"புதுசா ஒண்டும் இல்ல டொக்டர். இவருதான் ரிட்டயராகி வந்திரிக்காரு."

மூவரும் சிரித்தோம். சிரித்த மூவரில் இரண்டு பேர் படித்தவர்கள்.

எல்லாம் பச்சை

பயம் வந்தால் புரோகிராம் எழுதுவது என் பழக்கம். இரண்டு நாளில் எழுதி முடித்தேன். ஒவ்வொரு வேளையும் றஹீமா தன் சோற்றுப் பீங்கானைக் கொண்டுவந்து என் முன்னால் தராசில் வைப்பாள். நான் நிறுத்து, படமெடுத்துக்கொண்டு, பதிவதற்கு முன்மண்டபத்துக்குப் போவேன். அதற்குப் பிறகுதான் அவள் சாப்பிடுவாள். நான் சாப்பிட்டு எழும்பாமல் அவள் உட்கார்ந்ததே இல்லை. அளவு சரியென்றால் திரையில் பச்சை, மிஞ்சினால் சிவப்பு. மூன்று வாரம் ஒரு சிவப்புக்கூட வரவில்லை. காலையில் விரலில் குத்திப் பார்த்தால் சீனி மட்டும் அப்படியே நின்றது. புண் கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

சோதிக்கும் மெஷினை மாற்றினேன். மாத்திரைகளை எண்ணினேன். எல்லாம் சரி. பிறகு என் மூளை போன இடத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த வாரம் நஸீறா ஒரு சட்டி நிறைய இனிப்பு வட்டிலப்பம் அனுப்பியிருந்தாள். நான் படலையடிக்குப் போய், உன் ராத்தாவின் விரல் போனால் நீதான் பொறுப்பு என்று சொன்னேன். வாழ்க்கையில் நான் சொன்ன மோசமான வாக்கியம் அதுதான். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அத ராத்தா வாயில வெச்சத நீங்க கண்டீங்களா மச்சான்? நான் அனுப்பினது உங்களுக்கு."

படலைக்குக் கொளுக்கி விழுந்தது. பத்து நாள் அது திறக்கவில்லை. றஹீமா என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள்.

மூக்குக்கண்ணாடி

பதினோராம் நாள் பகல் சாப்பிட்டு முடித்து, அவள் பீங்கானை நிறுத்துவிட்டு முன்னால் போனேன். பதிவதற்குக் கண்ணாடி இல்லை. மேசையிலேயே விட்டிருந்தேன். திரும்பி வந்தேன்.

அவள் தன் பீங்கானை முடித்துவிட்டு என் பீங்கானை முன்னால் இழுத்து வைத்திருந்தாள். நான் ஒதுக்கிய சோறு, பாதி கடித்த பொரித்த மீன், ஆணத்தில் ஊறிய உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து வழித்துச் சாப்பிட்டாள். பிறகு நான் பாதியில் வைத்த தேத்தண்ணியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். அதில் இரண்டு கரண்டி சீனி.

கொழும்பில் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுப் பழகியவன் நான். எதையும் முடித்து எழும்பியதில்லை. தேத்தண்ணி நாளைக்கு ஐந்து தரம் கேட்பேன், ஐந்தையும் பாதியில் மறப்பேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தபோது அது இரண்டு நாள் மிச்சம்; அவள் உடம்பு தாங்கிக்கொண்டது. இப்போது ஒவ்வொரு நாளும், மூன்று வேளையும். முப்பத்தொரு வருடக் கலியாணத்தில் அவள் சாப்பிடுவதை நான் உட்கார்ந்து பார்த்தது அன்றுதான் முதல்தரம். சீனியைவிட அதுதான் என்னை அதிகம் உலுக்கியது.

இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சோத்தக் கொட்டினா வீட்டுட பறக்கத் போயிரும், இரிக்கிறதும் நிலைக்காது. அது எப்பவும் செய்றதுதானே. நீங்க கேட்டது என்ட பீங்கான. உங்கட பீங்கானப் பத்தி நீங்க கேக்கவே இல்லியே."

படலை

அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து படலையடியில் நின்றேன். நஸீறா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். அவள் தும்புத்தடியை வைத்துவிட்டு வந்து கொளுக்கியைத் தூக்கினாள்.

"மறுகா வட்டிலப்பம் வந்தா வழிச்சித் தின்னணும் மச்சான். சட்டிய நான் வந்து பாப்பன்."

சின்னப் பீங்கான்

புரோகிராமை அழித்துவிட்டேன். இப்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிடுகிறோம். முதல் நாள் அவளுக்குக் கூச்சமாக இருந்தது, எனக்கு அதைவிடக் கூச்சம். என் பீங்கானில் ஒரு பருக்கை மிஞ்சினாலும் அவள் என் முகத்தைப் பார்ப்பாள். அடுத்த பரிசோதனையில் சீனி இறங்கியிருந்தது, புண்ணும் காய்ந்து தோல் பிடித்திருந்தது. டொக்டர் காகிதத்தை இரண்டுதரம் பார்த்துவிட்டு, என்ன மருந்து மாற்றினீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் றஹீமா பதில் சொல்லிவிட்டாள்.

"மருந்து மாத்தல்ல டொக்டர். இவர்ட பீங்கான மாத்தின. இப்ப இவருக்குச் சின்னப் பீங்கான்."

முப்பத்தொரு வருடம் மற்றவர்களின் பிழையைத் தேடித் திரிந்த எனக்கு, எங்கள் வீட்டுப் பிழை தினமும் மூன்று வேளை மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்து, பாதி சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போனது தெரியாமல் போய்விட்டது.