நனைந்த கரிசலில் இறங்கிய சக்கரம்

சக்கரத்தின் மூடிக்குள் திணிந்திருந்த கரிசல் மண்ணைத்தான் முதலில் பார்த்தேன். டயரே தெரியவில்லை, பிசைந்து அப்பிய கறுப்பு உருண்டை. மூக்கு மண்ணில் குத்தி நின்ற சின்ன விமானம், வளைந்துபோன முன்விசிறி, நெற்றியில் ரத்தத்தோடு இறங்கி வந்த கேப்டன். பந்தலில் மைக் மட்டும் நிற்காமல் வரவேற்றுக்கொண்டிருந்தது.

திருநகரைத் தாண்டி, கரிசல் காட்டைச் சமப்படுத்தி ஒரு முதலாளி தொடங்கிய விமானப் பயிற்சிப் பள்ளி அது. தார் போடாத மண் ஓடுதளம். கேப்டன் பயிற்சியாளர், சக்கரமும் பிரேக்கும் என் பொறுப்பு. காய்ந்த கரிசல் என்றால் அவருக்குப் பிரியம். செங்கல்லாய் இறுகிக் கிடக்கும், டயர் மேலோடு ஓடிவிடும். காற்றைக் கொஞ்சம் இறக்கச் சொல்வார். டயர் அகலமாக உட்கார்ந்தால் மண்ணைக் கீறாதாம். மேல்மண் நனைந்தாலோ அதே நிலம் வேறு ஆளாகிவிடும். ஒட்டும், உருளும், சக்கரத்தைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்ளும். திறப்பு விழாவன்று மதுரை விமான நிலையத்திலிருந்து விமானத்தைக் கொண்டுவரப் புறப்படுமுன், தண்ணீர் தெளிக்கக் கூடாது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

நம் ஊரில் பெரிய மனிதர் வருகிறார் என்றால் அவருக்கு முன்னால் தண்ணீர் லாரி வரும். வந்தது. ஓடுதளம் நெடுகத் தெளித்தது. ஓடிப்போய் மறித்தேன்.

“தூசி பறந்தா தலைவர் வேட்டி என்னாகும் மாப்ள? டயர்தான, அழுக்கானா கழுவிக்கிருவோம்,” என்றார் முதலாளி.

நான் கைபேசியை எடுப்பதற்குள் விமானம் தலைக்கு மேல் வந்துவிட்டது. மேலிருந்து பார்த்தால் காய்ந்த கரிசலும் கறுப்பு, நனைந்ததும் கறுப்பு.

சொன்னபடியே கழுவினார்கள். விபத்தை விசாரிக்க அதிகாரிகள் வருவதற்குள் சக்கரம் பளபளத்தது. சக்கரத் தடத்தின் மேல் ரோடு ரோலர் ஓடியிருந்தது. லாரியா, எந்த லாரி என்றார்கள் பந்தல்காரரும், மாலை கொண்டுவந்தவரும், லாரி ஓட்டியவரும். வந்தது என்று சொன்னவன் நான் ஒருவன். இறங்கும்போது கேப்டன் பிரேக்கை மிதித்துவிட்டார், அதனால்தான் குத்தியது என்று எழுதி முடித்தார்கள். அதன்பின் அவர் பறக்கவில்லை. விளாங்குடி வீட்டுக்குப் பார்க்கப் போகும்போதெல்லாம் ஒரே பேச்சுதான்: “பிரேக்ல காலே வைக்கலப்பா.”

போன மாதம் பரவையில் ஒரு கல்யாணப் பந்தியில் முதலாளி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முதுகில் தட்டினார்.

“நம்ம கேப்டன் தங்கமான ஆளு மாப்ள. அந்தக் காலுதான் அவசரப்பட்டிருச்சு. பாவம்.”

கண்ணில் கள்ளம் இல்லை. தான் சொன்ன பொய்யை அவரே முழுசாக நம்பிவிட்டிருந்தார். பாயசம் ஊற்ற வந்தவரைக் கையால் தடுத்தேன்.

“லாரி வந்துச்சுண்ணே,” என்றேன், பந்திக்கே கேட்கும்படி.

இலையை மூடிவிட்டு எழுந்தேன்.