புயலுக்குள் போய்வரும் பிளேன்

என் தம்பி கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவில் இருக்கிறான். ஹோட்டல் ஒன்றில் சமையல் வேலை. நான் இங்கே ஜெர்மனியில், பான் நகரில், ஆஸ்பத்திரித் துணி தோய்க்கிற இடத்தில். எங்களுக்குள் பேச்சுக் குறைவு. தீபாவளிக்கு நான் போன் எடுப்பேன். என் பிறந்தநாளுக்கு அவன் எடுப்பான். அவ்வளவுதான்.

ஒரு வருடம் அவனுடைய தீவை நோக்கிப் புயல் வந்தது. ஹோட்டலில் இருந்தவர்களை முதலே அனுப்பிவிட்டார்கள். பிறகு விமான நிலையத்தையும் மூடினார்கள். தம்பி தன் வாடகை வீட்டில் தனியாக இருந்தான். சுவர் கல், கூரை தகரம்.

மேல்வீட்டில் தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி குடியிருக்கிறா. பல்கலைக்கழகத்தில் காற்று, மழை பற்றி ஆராய்ச்சி செய்கிறவ. படியில் கண்டு கேட்டேன்.

"பிள்ளை, கடலுக்கு நடுவிலை நிக்கிற புயல் எவ்வளவு பெலன் எண்டு எப்பிடித் தெரியும்?"

"பிளேன் அனுப்பிப் பாப்பாங்கண்ணா."

"புயலுக்குள்ளையோ?"

"உள்ளேதான். ஒரு பக்கமா நுழைஞ்சு மறுபக்கமா வெளிய வரும். திரும்பவும் போகும்."

"விசரோ அவங்களுக்கு?"

"விசர்னா?"

"பைத்தியம்."

"சம்பளம் வாங்குற பைத்தியம்ணா" என்று சிரித்தா. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விட்டா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவ தன் லப்டொப்பைக் கொண்டுவந்து எங்கள் குசினி மேசையில் வைத்தா. என் மனுசி அவவுக்குச் சோறு போட்டா. எங்களுக்கு மத்தியானம், தம்பிக்குக் காலை. யன்னலுக்கு வெளியே தெரு செத்துக் கிடந்தது. இங்கே ஞாயிறு என்றாலே சத்தம் இராது. அன்று இலையும் அசையவில்லை. வெயில் மட்டும் எறித்தது. அந்த அமைதிக்குள் இருந்துகொண்டு நாங்கள் காற்றைப் பார்த்தோம்.

திரையில் ஒரு சிவப்புக் கோடு. அதன் நுனியில் பிளேன். பக்கத்தில் இலக்கங்கள் வந்து விழுந்துகொண்டே இருந்தன.

"இது காத்து வேகம். இது பிரஷர். நீங்க பிரஷர மட்டும் பாருங்கண்ணா. இது இறங்கினா புயல் ஏறுதுன்னு அர்த்தம்."

அது இறங்கியது. பிளேன் ஒருமுறை போய் வந்தபோது ஒரு இலக்கம். அடுத்தமுறை அதைவிடக் குறைந்த இலக்கம். எனக்குக் கணக்கு ஓடாது. இறங்குவது தெரிந்தது.

நடுவுக்குக் கிட்டப் போகப் போகக் காற்றின் இலக்கம் ஏறியது. பிறகு திடீரென்று விழுந்து, ஒன்றும் இல்லை என்பதுபோல் நின்றது.

"கண்ணுக்குள்ள வந்தாச்சு" என்றா. "இங்கதான் ஒரு கருவியக் கீழ போடுவாங்க. சின்னக் குழாய் மாதிரி. பாராசூட் கட்டியிருக்கும். விழுந்துகிட்டே பிரஷர், காத்து எல்லாம் சொல்லும்."

"விழுந்தாப் பிறகு?" மனுசி கேட்டா.

"கடல்ல போயிடும். அத்தோட சத்தமில்லை."

மனுசி எழும்பிப் போய்க் கோப்பை கழுவத் தொடங்கினா.

அடுத்தமுறை பிளேன் உள்ளே போனபோது கண் தம்பியின் தீவுக்கு மேல் இருந்தது. தீவு தட்டையானது, மலை இல்லை, அதனால் மேலாகவே போகிறார்கள் என்று அவ சொன்னா. திரையில் அந்தச் சிவப்பு நுனி அவனுடைய ஊருக்கு மேலே நின்றது. நான் கண் வெட்டாமல் பார்த்தேன். பிறகு அது வெளியே போனது. பிளேன் போய்விட்டது, இனிப் பயமில்லை என்று என் உடம்பு சொன்னது. ஊரில் சண்டைக் காலத்தில் பழகின உடம்பு.

அப்போது போன் அடித்தது. தம்பி. அந்தப் புயலுக்குள் லைன் எப்படி அறாமல் இருந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

"அண்ணை, முடிஞ்சுது."

"என்ன முடிஞ்சது?"

"காத்து நிண்டிட்டுது. பிளேன் ஒண்டு வந்தது, கேட்டனான். நாலு காத்தாடிச் சத்தம். நான் மேசைக்குக் கீழை போயிட்டன், பழைய பழக்கம். இப்ப போயிட்டுது. வெளியிலை வந்திட்டன்."

"எங்கை நிக்கிறாய்?"

"வீட்டு வாசல் முத்தத்திலை. நல்ல வெயில். ஆனா ஒரு புதினம் அண்ணை. கூரை முழுக்கக் கடற்குருவி. நூறு இருக்கும். ஒண்டும் கத்துதில்லை. சும்மா என்னைப் பாத்துக்கொண்டு இருக்குதுகள்."

போனைப் பொத்திக்கொண்டு மேல்வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். அவ கதிரையிலிருந்து எழும்பிவிட்டா.

"உள்ள போகச் சொல்லுங்கண்ணா! அது கண்ணு. பாதிதான் முடிஞ்சிருக்கு. மறுபக்கம் இன்னும் மோசம். எதிர்ப்பக்கமா அடிக்கும்."

மேல்வீட்டுப் பிள்ளை இப்படிச் சொல்லுகிறா என்று தம்பிக்குச் சொன்னேன்.

"நீங்கள் ஜெர்மனியிலை இருந்து எனக்குக் காத்துச் சொல்லுறியளோ?" அவன் சிரித்தான். "தகரம் ஒண்டு கிளம்பி நிக்குது. ஏணி வச்சிட்டன். நாலு ஆணி அடிச்சுப்போட்டுத் திரும்பப் போன் எடுக்கிறன்."

"ஏறாதை. புயல் இன்னும் முடியேல்லை."

"அண்ணை, ஒரு இலை அசையேல்லை இஞ்சை."

எங்கள் யன்னலுக்கு வெளியிலும் அசையவில்லை. இரண்டு இடமும் ஒரே இடம்போல் எனக்கு ஒரு கணம் இருந்தது. போனுக்குள் ஏணி தகரத்தில் முட்டுகிற சத்தம் கேட்டது. அவன் ஏறுகிறான். பிரஷரைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் இல்லை. சொன்னாலும் அவன் கேளான்.

ஊரில் பொம்மர்கள், அந்தக் குண்டு போடுகிற பிளேன்கள், சோடியாகத்தான் வரும். ஒன்று போட்டுவிட்டுப் போகும். சனம் வெளியே வரும். அப்போது மற்றது வரும். அப்படி வெளியே வந்த சிலர் திரும்ப உள்ளே போகவில்லை. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"தம்பி" என்றேன். "ரெண்டாவது வருது."

ஏணிச் சத்தம் நின்றது.

"என்ன?"

"மற்றப் பிளேன். இஞ்சை தெரியுது. உனக்கு நேர வருது. உள்ளை ஓடு. குளியலறைக்குள்ளை போய்ப் படு."

அவன் ஒன்றும் கேட்கவில்லை. சுத்தியல் விழுகிற சத்தம். காலடி. லைன் அறுந்தது.

மேல்வீட்டுப் பெண் திரையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. அங்கே ஒரே ஒரு பிளேன்தான் இருந்தது. அதுவும் புயலின் விளிம்புக்குப் போய்விட்டது. மனுசி கையில் நனைந்த கோப்பையோடு நின்றா.

"பொய்யோ சொன்னனீங்கள்?"

"ஓம்."

"நல்லது" என்றா.

பிளேன் திரும்பவும் கண்ணுக்குள் போனபோது கண் தீவைக் கடந்து மேற்கே போயிருந்தது. இலக்கம் இன்னும் இறங்கியிருந்தது. தீவுக்கு மேல் ஒன்றும் எழுதப்படவில்லை. வெறும் படம்.

திங்கள் நான் வேலைக்குப் போனேன். துணி மடித்தேன். மெசினில் காற்றடிக்கும்போது துணிகள் எழும்பும். அந்தப் பக்கம் பார்க்காமல் மடித்தேன். வீட்டில் போனை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிட்டோம்.

அந்த வாரம் முடியும் முன் தெரியாத நம்பர் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. தம்பி. கூரை முழுதாகப் போய்விட்டது என்றான். ஏணி எங்கே என்று தெரியாதாம். குளியலறை மட்டும் நின்றது. கையில் ஒரு வெட்டு. மற்றபடி சுகம்.

"நல்லது" என்றேன்.

"நீங்கள் சொன்ன ரெண்டாவது வந்தது, அண்ணை."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"சரியாத் தலைக்கு மேலை. முதலாவதைவிடப் பதிஞ்சு, உரசுறமாதிரி வந்தது. கதவைச் சாத்தினன். அது போனாப் பிறகுதான் காத்துத் துவங்கினது."

"காத்துச் சத்தமா இருக்கும்."

"எனக்குப் பிளேன் சத்தம் தெரியாதோ?"

அவனுக்குத் தெரியும்.

மேல்வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன். அன்றைய சிவப்புக் கோட்டை அவ திரும்ப எடுத்துப் பார்த்தா. நெடுநேரம் பார்த்தா.

"வேற பிளேன் இல்லண்ணா. அந்தப் பக்கமே யாரும் பறக்கல. காத்தாத்தான் இருக்கணும்."

"காத்துக்கு முதல் எண்டு சொல்லுறான்."

அவ லப்டொப்பை மூடினா. தேத்தண்ணி குடித்துவிட்டு மேலே போனா.

தம்பிக்கு நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. இப்போது அவன் அடிக்கடி போன் எடுக்கிறான். கூரை போட்டுவிட்டான். ஹோட்டலும் திறந்துவிட்டது. அந்த இரண்டாவது பிளேன்காரருக்கு நன்றி சொல்லவேண்டுமாம். முதலாவது யாருடையது என்று விசாரித்து அறிந்துவிட்டான். மற்றது யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லையாம்.

"உங்களுக்குத்தானே தெரிஞ்சது. மேல்வீட்டுப் பிள்ளையிட்டைக் கேட்டு விலாசம் எடுத்துத் தாங்கோ அண்ணை."

"பாப்பம்" என்கிறேன்.