சுற்றாத ஆல்டர்னேட்டர்

நாமக்கல் லாரிப் பட்டறைகளில் யாரைக் கேட்டாலும் பழனியம்மாள் கடைக்கு வழி சொல்லிவிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக லாரிக்கும் காருக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரும், இன்ஜினோடு சுற்றி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும் பழுது பார்க்கிறவர். பொம்பளைக்கு என்ன தெரியும் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் உண்டு. பாதி வழியில் நின்றுபோய், அசடு வழியத் திரும்பி வந்தவர்களும் அவர்களேதான்.

அப்பேர்ப்பட்டவரை அவர் கணவரே கரைத்துவிட்டார். லாரி ஓட்டும் செங்கோடன் ஒவ்வொரு நடை முடிந்து வரும்போதும் அதையே சொன்னார்: "இனி வாரதெல்லாம் கரண்டு வண்டி. அதுல ஆல்டர்னேட்டரே இல்ல. நீ எதைப் பிரிச்சு மாட்டுவே?" கடையை மூடிவிட்டுத் திங்கட்கிழமை பள்ளிபாளையம் நூல் மில்லில் சேர்வதாகப் பேச்சு. சரி என்று தலையாட்டியதிலிருந்து பழனியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை, முட்டை வியாபாரி அன்பழகனின் மின்சாரக் கார் ஒரு மினி லாரியின் முதுகில் வந்து இறங்கியது.

"வண்டிய ஓட்டற பெரிய பேட்டரி நல்லாத்தான் இருக்குது. இந்தச் சின்ன பேட்டரிதான் ரெண்டு நாளைக்கு ஒருக்கா செத்துப்போகுது. புதுசு மாத்தியும் அதே கதை. பாத்துச் சொல்லு சாமி" என்றார்.

மூடியைத் திறந்தால் இன்ஜினே இல்லை. ஒரு அலுமினியப் பெட்டி. அதற்குள் ஒரு பக்கம் ஆரஞ்சு வயர் போகிறது. மறுபக்கம் தடித்த சிவப்பு வயர் வெளியே வருகிறது. ஆரஞ்சு என்றால் ஆளைக் கொல்லும் மின்சாரம். அந்தப் பக்கம் பழனியம்மாள் கையே கொண்டுபோகவில்லை.

விளக்கும் வைப்பரும் இதிலும் சின்ன பேட்டரியில்தானே ஓடுகின்றன? அப்படியானால் அதற்கு யாரோ சார்ஜ் ஏற்றியாக வேண்டும். சிவப்பு வயரைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு போனார். அது சின்ன பேட்டரியில் போய் நின்றது. நீதானா அந்த ஆள் என்று பெட்டியைப் பார்த்து மனதுக்குள் கேட்டுக்கொண்டார்.

கடை பேட்டரியைக் கொடுத்து வண்டியை உயிர்ப்பித்து மீட்டரை வைத்தார். பெட்டியின் வாயில் பதினாலு வோல்ட். இத்தனை வருடம் ஆல்டர்னேட்டரில் பார்த்த அதே பதினாலு. பேட்டரியிலோ பன்னிரண்டுதான். பெட்டி கொடுக்கிறது, போய்ச் சேரவில்லை. சிவப்பு வயரில் குறை இல்லை. பேட்டரியை வண்டியின் உடம்போடு இணைக்கும் எர்த் போல்ட்டைத் தொட்டுப் பார்த்தார், ஆடியது. அதனடியில் யாரோ சொருகிய மெல்லிய கறுப்பு வயர் ஒன்று பம்பருக்குப் பின்னால் போனது. அங்கே இரட்டைக் குழல் ஏர் ஹாரன்.

"ஏனுங்கண்ணா, காருக்கு லாரி ஹாரன் எதுக்குங்க?"

முன்பு நாலு லாரி வைத்திருந்த அன்பழகன் தலையைச் சொறிந்தார். "நானேதான் மாட்டுனேன். அது இல்லாட்டி வண்டி ஓட்டற மாதிரியே இல்லம்மா."

வண்டியை அணைத்து, ஹாரனுக்குத் தனி எர்த் கொடுத்து, போல்ட்டைத் தேய்த்து முறுக்கினார். மறுபடி வண்டியைப் போட்டதும் பேட்டரியிலும் பதினாலு ஏறியது.

"அப்ப அந்தப் பொட்டி என்னதும்மா?"

"அதுவும் ஆல்டர்னேட்டர்தானுங்கண்ணா. பெரிய பேட்டரில வாங்கி சின்னதுக்கு ஊத்துது. சுத்தாது, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுப் பழனியம்மாள் சிரித்துக்கொண்டே மீட்டர் வயரைச் சுருட்டினார். அந்த நேரம் பார்த்து மில் சூப்பர்வைசர் போன் செய்தார். திங்கட்கிழமைக்கு யூனிபார்ம் கோட்டு எடுத்துவைக்க அளவு வேண்டுமாம்.

"கோட்டு வேண்டாமுங்க சார்" என்றார் பழனியம்மாள். "எனக்கு இங்கயே வேலை கெடக்குதுங்க."