கதிரேசன் காருக்கு ஆயில் கூலர் மாட்டிய கதை

"மச்சான், ஆயில் நூத்திப் பதினெட்டு டிகிரி!"

போனில் ஒருவன் இப்படிக் கத்தினால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? வீட்டில் வடை சுடுகிறார்கள் என்று நான் நினைத்தேன்.

"அடுப்பைக் குறைச்சு வை மாப்ள" என்றேன்.

"ஐயோ... இன்ஜின் ஆயில் மச்சான்! காளவாசல் சிக்னல்ல நிக்கிறேன். கார் கொதிக்குது!"

பேசியது கதிரேசன். என் மனைவி செல்வியின் தம்பி. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். முகம் தெரியாத மனிதர்களிடம் நாள் முழுக்க இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்பதுதான் வேலை. சாஃப்ட்வேர் ஓடவில்லை என்று அவர்கள் திட்டுவார்கள், இவன் 'சாரி' சொல்வான். அந்த வேலை தந்த வசதியில் செகண்ட் ஹேண்டில் ஒரு டர்போ கார் வாங்கினான். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை ஏழே நொடியில் தொடுமாம். நிற்கும் இடம் மதுரை காளவாசல் என்பதுதான் சிக்கல். அங்கே மேலே பாலம் கட்டியாகிவிட்டது. கீழே பழைய நெரிசல் அப்படியே பத்திரமாக இருக்கிறது. ஷேர் ஆட்டோவின் பின்னால் நகரும் காருக்கு ஏழு நொடி எதற்கு, எழுபது நொடி எதற்கு?

இதெல்லாம் கதிரேசனிடம் எடுபடாது. கார் பிரியர்களின் வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் அவன் இருக்கிறான். அங்கே விசாரித்ததில் தீர்ப்பு வந்துவிட்டது. ஆயில் கூலர் மாட்ட வேண்டும்.

அது என்ன என்று எனக்கும் தெரியாது. கதிரேசன் விளக்கினான். சின்ன ரேடியேட்டர் மாதிரி ஒரு சாமான். காரின் மூக்குக்குப் பின்னால் உட்காரும். இன்ஜினிலிருந்து சூடான ஆயில் ஒரு ஹோஸ் வழியாக அங்கே போகும், எதிர்க்காற்றில் ஆறும், இன்னொரு ஹோஸ் வழியாகத் திரும்பி வரும்.

"எப்பச் சூடாகுது?" என்று கேட்டேன்.

"டிராஃபிக்ல நிக்கிறப்ப."

"நிக்கிறப்ப எதிர்க்காத்து எங்கிட்டு இருந்து வரும்?"

"ஹைவேல வரும் மச்சான்."

"ஹைவேல சூடாகுதா?"

"இல்ல. அங்கிட்டு நார்மலாத்தான் இருக்கு."

கதிரேசன் தலையைச் சொறிந்தான். பிறகு அவனே சொன்னான் — "உங்களுக்கு இதெல்லாம் புரியாது மச்சான்."

உண்மைதான்.

கூலர் கூரியரில் வந்து இறங்கியது. மெக்கானிக்கிடம் கொடுக்க மாட்டானாம். "என் வண்டியில எவனையும் கை வைக்க விட மாட்டேன்" என்றான். யூடியூபில் எல்லாம் பார்த்து வைத்திருக்கிறானாம். ஞாயிற்றுக்கிழமை காலை செல்வி என்னைக் கிளப்பிவிட்டாள்.

"போய் அவன் பக்கத்துல நில்லுங்க. பெரியவங்க யாராச்சும் நின்னாத்தான் எதையும் ஒடைக்காமச் செய்வான்."

அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன். நான் நிற்கும்போதே பம்பரைக் கழற்றினான். பிளாஸ்டிக் கிளிப்புகள் படபடவென்று உடைந்தன. "அது எக்ஸ்ட்ரா மச்சான்" என்றான். கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ராவாக இவ்வளவு மாட்டி அனுப்புவான் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம், அறைக்குள், அவன் மனைவி ரேவதி சுவரைப் பார்த்து வகுப்பெடுத்துக் கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை அவளுக்குத் தேனியில் ஒரு கல்லூரியில் இன்டர்வியூ. வணிகவியல் ஆசிரியர் வேலை. குழந்தை பிறந்ததும் பழைய வேலையை விட்டவள். இப்போது மகள் எல்.கே.ஜி. போகிறாள். இடையில் எத்தனையோ கல்லூரிகளுக்கு எழுதிப் போட்டாள். கூப்பிட்டது இந்த ஒரு கல்லூரிதான். அங்கே மாதிரி வகுப்பு ஒன்று எடுத்துக் காட்ட வேண்டுமாம்.

தண்ணீர் குடிக்க வெளியே வந்தவள், மூக்கில்லாமல் நின்ற காரைப் பார்த்தாள்.

"அண்ணே, செவ்வாக்கெழமைக்குள்ள இது சரியாயிருமா? இல்லாட்டி நான் பஸ்லயே போயிர்றேன்."

"பஸ்லயா?" காருக்கு அடியிலிருந்து கதிரேசனின் குரல் வந்தது. "வீட்ல டர்போ நிக்கிது, நீ பஸ்ல போவியா? ஊரு சிரிக்கும் ரேவதி!"

ஊருக்கு வேறு வேலையே இல்லை, பாருங்கள்.

முக்கியமான கட்டம் வந்தது. ஆயில் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் வட்டமான ஒரு பிளேட்டை வைத்து முடுக்க வேண்டும். ஹோஸ் இரண்டும் அதிலிருந்துதான் கிளம்பும். "மச்சான், வீடியோ எடுங்க. குரூப்ல போடணும்" என்று போனை என்னிடம் நீட்டினான். நான் எடுத்தேன். அவன் கேமராவைப் பார்த்து, தலைமுடியை ஒதுக்கி, புன்னகைத்து, பிளேட்டை மாட்டினான். கை இன்ஜினில் இருந்தது. கண் என் பக்கம் இருந்தது.

மாலைக்குள் வேலை முடிந்தது. ஸ்டார்ட் செய்து கீழே குனிந்து பார்த்தோம். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. பைபாஸில் ஒரு ரவுண்டு போய் வந்தான். சூடு ஏறவில்லை. வீடியோ குரூப்புக்குப் போனது. பதிலுக்கு நெருப்பு எமோஜிப் படங்களாக வந்து கொட்டின. சூட்டைக் குறைத்ததற்கு நெருப்பைப் பரிசாகக் கொடுக்கிற கூட்டம் அது.

செவ்வாய் காலை கிளம்பினோம். எனக்கு அங்கே என்ன வேலை என்கிறீர்களா? ஆயில் சூட்டைக் காட்டத் தனியாக ஒரு மீட்டர் வைத்திருந்தான். அதைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமாம். ரேவதி பின்சீட்டில் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டு வந்தாள். கரும்பச்சைப் பட்டுப்புடவை, மடியில் ஃபைல். நான் முன்சீட்டில் மீட்டரைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நான் படித்த படிப்புக்கு ஒருவழியாக ஒரு வேலை கிடைத்தது.

"எம்புட்டு மச்சான்?"

"தொண்ணூறு."

"பாத்தீங்களா!"

செக்கானூரணி தாண்டியதும் அழுத்தினான். உண்மையைச் சொல்ல வேண்டும், கார் பறந்தது. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. உசிலம்பட்டி தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ஏதோ தீய்கிற வாசனை வந்தது.

"யாரோ குப்பை எரிக்கிறாய்ங்க" என்றான் கதிரேசன்.

அடுத்து, டேஷ்போர்டில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. எண்ணெய் விடுகிற குப்பி மாதிரி ஒரு படம்.

"ஏங்க, செவப்பு லைட்டு எரிஞ்சா நிறுத்தணும்ல?" என்றாள் ரேவதி, குறிப்பிலிருந்து தலையைத் தூக்கி.

"சென்சாரா இருக்கும். மச்சான், டெம்பரேச்சர் எம்புட்டு?"

"தொண்ணூத்தி ரெண்டு."

"அம்புட்டுதான! அப்பறம் என்ன?"

அப்போது பைக்கில் ஒருவர் முக்கி முக்கி எங்களை எட்டிப்பிடித்தார். ஒரு கையை ஆட்டிக்கொண்டே கத்தினார். "அண்ணே! எண்ணெய் ஊத்துது! ரோடு பூராம் எண்ணெய்!"

திரும்பிப் பார்த்தேன். கறுப்பாக நீண்ட ஒரு கோடு, எங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. கதிரேசன் ஓரங்கட்டுவதற்குள் இன்ஜினிலிருந்து 'டக டக' என்று ஒரு சத்தம் கிளம்பி, அடங்கி, கார் தானே நின்றுவிட்டது. ஆயில் சூட்டில் மட்டும் கடைசிவரை ஒரு குறையும் இல்லை. ஆயில்தான் இல்லை.

ரேவதி இறங்கினாள். மணி பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், கதிரேசனும் எதிர்பார்த்திருப்பான். அவள் புடவையில் எண்ணெய் படாமல் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டின் ஓரத்துக்குப் போனாள். தூரத்தில் ஒரு தேனி பஸ் வந்தது. கையைக் காட்டினாள். பஸ் வேகத்தைக் குறைக்கவில்லை. அவள் இரண்டடி ரோட்டுக்குள்ளேயே இறங்கி நின்று, ஃபைலைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள். பஸ் குலுங்கி நின்றது.

"ஏம்மா, இதென்ன ஸ்டாப்பா?" கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கேட்டார்.

"இன்டர்வியூ அண்ணே. மூணு வருசம் கழிச்சுக் கூப்ட்ருக்காங்க."

கண்டக்டர் காரைப் பார்த்தார். கதிரேசனைப் பார்த்தார். "ஏறு தாயி" என்றார்.

படியில் கால் வைத்தவள் எங்கள் பக்கம் திரும்பினாள். "வாரேன். பின்சீட்டுல இட்லி இருக்கு, ரெண்டு பேரும் சாப்புடுங்க."

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் கதிரேசன் அன்று கொஞ்சம் நிமிர்ந்து நின்றிருப்பான்.

பஸ் போனது. பானெட்டைத் திறந்தோம். இந்தப் பக்கத்தில் ஒரு வசதி — ரோட்டோரம் பானெட்டைத் திறந்தால் போதும், நிபுணர் குழு தானாகக் கூடிவிடும். ஆடு மேய்க்கப் போனவர் ரேடியேட்டர் போய்விட்டது என்றார். பால் கேன் கொண்டு போனவர் பேட்டரி என்றார். வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர், "இந்தக் கலர் வண்டியே ஆகாது தம்பி" என்று முடித்துவிட்டுப் போனார்.

கதிரேசன் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அடியில் படுத்துப் பார்த்தான். வெளியே வர நேரம் எடுத்தது. வரும்போது கையில் பிய்ந்துபோன ஒரு ரப்பர் வளையம்.

"பழைய ஃபில்டரோட ரிங்கு மச்சான், ஆயில் ஒழுகாம அடைக்கிறது. இன்ஜின்லயே ஒட்டிக்கிட்டு இருந்துருக்கு. பாக்காம, அது மேலயே புது ரிங்கோட பிளேட்ட வச்சு முடுக்கிட்டேன். வேகத்துல ஆயில் பிரஷர் ஏறவும் பிதுக்கித் தள்ளிருச்சு."

கல்லில் உட்கார்ந்தான். இட்லி டப்பாவை நீட்டினேன். தொடவில்லை.

"காலேஜ் வாசல்ல நம்ம கார்ல இருந்து அவ எறங்கணும்னு ஆசப்பட்டேன் மச்சான். அவளுக்கு ஒரு தெம்பா இருக்கும்னு. அம்புட்டுதான்."

இட்லியைப் பிட்டு அவன் கையில் வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து அவன் போன் கிணுகிணுத்தது. குரூப்பில் யாரோ கேட்டிருந்தார்கள், கூலர் எப்படி வேலை செய்கிறது ப்ரோ என்று. கதிரேசன் 'பார்ட் தரமில்லை' என்று டைப் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அழித்தான். 'பழைய ரிங்கை எடுக்காமல் மாட்டிவிட்டேன். என் தப்பு. இன்ஜின் போச்சு' என்று எழுதி அனுப்பினான்.

நெருப்புப் படம் ஒன்றும் வரவில்லை. குரூப்பே செத்த மாதிரி இருந்தது. பிறகு ஒருவர் எழுதினார் — 'எனக்கும் இதே ஆச்சு ப்ரோ.' இன்னொருவர், 'போன வருஷம் எனக்கும்.' அப்புறம் இன்னொருவர். முந்தாநாள் நெருப்பைக் கொட்டியவர்களில் பலர் இதே வளையத்தில் வழுக்கியவர்கள்! மாட்டிய படத்தை எல்லோரும் போட்டிருக்கிறார்கள். ஒழுகிய படத்தை ஒருவரும் போடவில்லை. குரூப் என்றாலே அப்படித்தானே? நம் குடும்ப குரூப்பில் மட்டும் யார் ஒழுகுகிற படத்தைப் போடுகிறோம்?

ரெக்கவரி வேன்காரர் அரை மணி நேரத்தில் வருவதாகச் சொன்னார். அவர் எந்த ஊர்க் கடிகாரம் கட்டியிருந்தாரோ! வெயில் உச்சிக்கு ஏறி இறங்கத் தொடங்கிவிட்டது. நாங்கள் மர நிழலோடு நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தோம்.

தேனிப் பக்கமிருந்து ஒரு மதுரை பஸ் வந்தது. ஜன்னல் ஓரத்தில் கரும்பச்சைப் புடவை. ரேவதி! கதிரேசன் துள்ளி எழுந்து இரண்டு கையையும் ஆட்டினான். அவளும் கையை ஆட்டினாள். பஸ் நிற்காமல் போய்விட்டது. போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏன் ரேவதி எறங்கல?"

"எறங்கி? ரெண்டு பேரு நிக்கிறது பத்தாதா? பாப்பா ஸ்கூல் விட்டு வந்துருவா. நான் வீட்டுக்குப் போறேன்."

"இன்டர்வியூ?"

"நேரத்துக்குப் போய்ச் சேந்துட்டேன். க்ளாஸ் நல்லாத்தான் எடுத்தேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஏங்க... நானா இது, அம்புட்டு பேர் முன்னாடி பேசுனதுன்னு எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு."

கதிரேசன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வேர்வை என்றுதான் நானும் எடுத்துக்கொண்டேன்.

ரேவதிக்கு வேலை கிடைத்துவிட்டது. கதிரேசன் இப்போது தினமும் காலையில் ஸ்கூட்டரில் அவளை அரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விடுகிறான். ஜன்னல் சீட் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறானாம். கார் மாதக்கணக்கில் ஒர்க் ஷாப்பில் கிடந்தது. எவனையும் கை வைக்க விட மாட்டேன் என்றவனின் இன்ஜினை ஒரு ஊரே பிரித்துக் கோர்த்தது.

போன வாரம் கார் திரும்பி வந்தது. உடனே எனக்குப் போன்.

"மச்சான், மேலூர் வரைக்கும் ஒரு டெஸ்ட் டிரைவ் போறேன். நீங்களும் வாங்க. கூலர இந்தவாட்டி பக்காவா மாட்டிருக்கேன்."

"மாட்டிருக்கேனா? நீயா?"

"பின்ன? ரிங்கு விசயம் இப்ப என்னைய விட யாருக்கு மச்சான் தெரியும்?"

செல்வி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆசையாக் கூப்புடுறான்ல, போயிட்டு வாங்க" என்றாள்.

போனேன். மேலூரிலிருந்து நடந்து வரத் தோதான செருப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு.