கேரட் கழுவும் மெஷினை எப்படிச் சொல்லிக் கொடுப்பது

வத்தலக்குண்டில் ஒரு சின்ன பட்டறையில் கேரட் கழுவும் மெஷின் செய்கிறோம். அதை எப்படி ஓட்டுவது என்று வாங்கியவர்களுக்கு விளக்குவது என் சோலி. முதல் மெஷின் மலைமேல் வில்பட்டியில் ஒரு அக்காவின் தோட்டத்துக்குப் போனது. முதலாளி ஒன்றுதான் சொன்னார்: "அது திரும்பி மலை எறங்குச்சுன்னா, அது கூடவே நீயும் வேலைய விட்டு எறங்கிரு."

முதலில் புத்தகம் அடித்துக் கொடுத்தேன். வில்பட்டி மூடுபனியில் அது பூரி மாதிரி உப்பி, ஏடெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. பிறகு போனுக்கு பிடிஎஃப் அனுப்பினேன்.

"ரெண்டு வெரல வச்சு விரிச்சேன் தம்பி. ஒரு எழுத்து பெருசாச்சு, மத்ததெல்லாம் வெளிய போயிருச்சு" என்றார் அக்கா.

வீடியோ எடுத்து அனுப்பினேன். அதற்கும் பதில் வந்தது. "டவர் பஸ் ஸ்டாப்புலதான் கெடைக்குது. வீடியோவப் பாத்துப் பாத்து ஓட்டணும்னா மெஷினையும் அங்கதான் தூக்கிட்டுப் போகணும்."

மறுநாள் வெள்ளனே, பாதிக் கன்னம் சவரம் ஆகியிருந்த நேரத்தில், அக்காவின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. "தம்பி, மெஷின் கெடந்து குதிக்குது."

கூப்பிட்டால் லைன் போகவில்லை. சோப்பு நுரையோடு நானும் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். வேலை போய்விட்டதாகவே முடிவு செய்துகொண்டு பேசினேன்: "அக்கா, மொதல்ல சுவிட்ச அணைங்க. கைய மட்டும் உள்ள விட்றாதீங்க, உங்களக் கும்புட்டுக் கேக்குறேன். டிரம்முல பாதிக்குத்தான் கேரட்டு. முழுசாப் போட்டா அது குதிக்கத்தான் செய்யும். தண்ணியத் தெறந்துட்டு அப்புறமா சுவிட்சப் போடுங்க. திருப்பி மட்டும் அனுப்பிறாதீங்கக்கா, என்னைய வேலைய விட்டுத் தூக்கிருவாங்க. இந்த வயசுல நான் எங்க போவேன்." கடைசியில் மூக்கை உறிஞ்சியதும் பதிவாகிவிட்டது.

மெஷினை ஏற்றிவர வண்டி பிடித்துக்கொண்டு போனேன். தோட்டத்தை நெருங்கும்போது யாரோ அழும் சத்தம் கேட்டது. நான்தான். சாயங்காலம் மார்க்கெட் விலையை வாய்ஸ் மெசேஜாகப் பகிர்ந்துகொள்ளும் ஊர் குரூப்பில் என் புலம்பலையும் ஏற்றிவிட்டிருந்தார் அக்கா. நாலைந்து விவசாயிகள் அதை பஸ் ஸ்டாப்பிலேயே போனில் இறக்கிக்கொண்டு வந்து, டிரம்முக்குப் பக்கத்தில் வைத்து, நான் புலம்பப் புலம்ப, சொன்னபடியே செய்துகொண்டிருந்தார்கள். மெஷின் சாதுவாகச் சுற்றியது. கேரட் பளபளவென்று விழுந்தது.

"இன்னும் ரெண்டு பேரு கேக்காக. எப்பத் தருவீக?" என்றார் அக்கா.

எனக்கு உயிர் வந்தது. கூடவே மானமும் வந்தது. "இத அழிச்சிருங்கக்கா. நிதானமா, அழகா வேற பேசி அனுப்புறேன்."

"வேணாம் தம்பி. நீங்க கும்புடுற எடத்துல கைய எடுத்துரணும்னு எல்லாருக்கும் புரிஞ்சிருச்சு. அழகாப் பேசுனா எங்களுக்குத் தூக்கம் வந்துரும்."

முதலாளியும் அந்த மெசேஜைப் போட்டுக் கேட்டார். சிரித்து முடிக்கவே அவருக்கு நேரமானது. அதன் பிறகு எங்கள் மெஷின் எதுவும் அந்த வாய்ஸ் மெசேஜ் இல்லாமல் மலை ஏறுவதில்லை. மேல்மலைப் பக்கம் எந்த டீக்கடையில் வாயைத் திறந்தாலும் குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். முன்பின் தெரியாதவர்கூட டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அக்கறையாகக் கேட்கிறார்: "வேலை இருக்குதுல்லண்ணே?"